பாதையை விட்டுப் பாறையில், பொடிசுகளோடு: எது சுலபமான மலை?

கேள்வி, ஏப்ரல் 6

எனக்கு ஆறு வயதில் ஒரு பெண், ஒன்பது வயதில் ஒரு பையன். போட்ட பாதையில் நடப்பது இருவருக்கும் சலித்துவிட்டது. அரை மணி நேரத்தில் "இன்னும் எவ்வளவு தூரம்" தொடங்கிவிடும். ஆனால் வழியில் ஒரு பாறை கண்ணில் பட்டால் போதும், ஏறி இறங்கி ஏறி இறங்கி அங்கேயே ஒரு மணி நேரம் கிடப்பார்கள். அதனால் பாதையை விட்டுவிட்டு, கையும் காலும் ஊன்றி ஏறுகிற சின்ன மலைகளுக்குக் கூட்டிப்போகலாம் என்றிருக்கிறேன். வழிகாட்டிப் புத்தகத்தில் "முதல் நிலை, சுலபம்" என்று போட்டிருப்பதை எடுத்தால் போதும்தானே?

ஏப்ரல் 6, இரவு

போதாது. அந்தப் புத்தகத்தை எழுதியவர் எவ்வளவு உயரம் என்று முதலில் யோசியுங்கள். அவருக்கு முழங்கால் அளவுப் படி உங்கள் பெண்ணுக்கு இடுப்புக்கு வரும். அவர் கையை நீட்டிப் பிடித்த விளிம்பு அவளுக்கு எட்டவே எட்டாது. எனக்கும் இரண்டு பேர். தொடங்கும்போது பையனுக்கு எட்டு வயது, சின்னவளுக்கு ஐந்து. இப்போது பத்தும் ஏழும். இந்த இரண்டு வருடத்தில் ஒழுங்காகச் செய்ததைவிடச் சொதப்பியது அதிகம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன்.

நிலை, வகுப்பு என்று போடுவதெல்லாம் ஏறுவது எவ்வளவு கடினம் என்பதைத்தான் பெரும்பாலும் சொல்கிறது. தவறினால் என்ன ஆகும் என்பதை நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும். வேல்ஸில் ஸ்னோடன் மலையை ஒட்டி கிரிப் கோக் என்று ஒரு முகடு இருக்கிறது. பிரிட்டிஷ் கணக்கில் முதல் நிலை, அதாவது ஸ்கிராம்பிளிங்கில் (கையும் காலும் ஊன்றிப் பாறையில் ஏறுவதில்) இருப்பதிலேயே சுலபம். கை வைத்த இடமெல்லாம் பிடி கிடைக்கும், ஆனால் முகடு கத்தி மாதிரி, ஒரு பக்கம் எட்டிப் பார்த்தால் வயிறு கலங்கும். பெரியவர்களே அதில் உட்கார்ந்து நகர்ந்து போவதுண்டு. அதே முதல் நிலையில் ஆள் உயரப் பாறையும் கீழே அகலமான புல்திட்டுமாக இருக்கிற இடங்களும் வருகின்றன. இரண்டுக்கும் எண் ஒன்றுதான்.

நான் கேட்டுக்கொள்வது ஒரே கேள்வி: இங்கே கால் தவறினால் பிள்ளை எங்கே போய் நிற்கும்? இரண்டடி கீழே திட்டில் நின்றுவிடும் என்றால் ஏறட்டும். பதில் சொல்ல யோசிக்க வேண்டியிருந்தால் அந்த இடம் வேண்டாம்.

ஏப்ரல் 7

எண்களை விளக்கச் சொல்லி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்கக் கணக்கு 1930-களில் சியரா கிளப் என்ற அமைப்பு கொண்டுவந்தது, ஐந்து வகுப்பு. ஒன்று, சும்மா நடை. இரண்டில் அங்கங்கே கை ஊன்ற வேண்டிவரும். மூன்றில் கை இல்லாமல் ஏற முடியாது. நான்கு ஏறுவதற்கு அப்படியொன்றும் கடினமில்லை, ஆனால் விழுந்தால் உயிருக்கே ஆபத்து, அதனால் பலர் கயிறு போடுவார்கள். ஐந்து முழுப் பாறையேற்றம். சுவிட்சர்லாந்தில் டி1 முதல் டி6 வரை, அதில் டி4-இல்தான் கையை ஊன்றாமல் முன்னே போக முடியாத இடங்கள் வருகின்றன, காலடித் தடமும் இருக்கும் என்று நம்ப முடியாது. பிரிட்டிஷ் கணக்கு 1, 2, 3.

இவற்றை ஒன்றோடொன்று போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பிரிட்டிஷ் இரண்டும் அமெரிக்க இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து ஒரு வாரம் திட்டம் போட்டவன் நான். நல்ல வேளை, மனைவி அந்த இடத்தின் படத்தைப் பார்த்துவிட்டு "இது என்ன, சுவரா?" என்று கேட்டாள்.

எங்கள் வீட்டு எல்லை இதுதான்: அமெரிக்கக் கணக்கில் இரண்டு, நடுவே மூன்றாம் வகுப்புப் படி ஒன்றிரண்டு, அதுவும் என் தலைக்கு மேல் போகாத உயரத்தில்.

ஏப்ரல் 9

முதல் சொதப்பலைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சரிவு தூரத்திலிருந்து விளையாட்டு மைதானம் போல இருந்தது. கீழிருந்து மேல்வரை பாறாங்கல் குவியல், சாய்வும் அதிகமில்லை. கிட்டே போனால் ஒவ்வொரு கல்லும் ஒரு ஃப்ரிட்ஜைப் படுக்கவைத்த அளவு. நான் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினேன், பையனும் எப்படியோ தாவினான். சின்னவளுக்கோ கல்லுக்குக் கல் இடையில் இருந்தது இடைவெளி அல்ல, குழி. இருபது நிமிடத்தில் ஒரு கால் தொடைவரை உள்ளே போய்விட்டது. அழவில்லை. "அப்பா, என் கால் காணோம்" என்றாள். மெதுவாகத் திருப்பி இழுத்ததில் கால் வந்தது, ஷூ வரவில்லை. குனிந்து பார்த்தால் உள்ளே இருட்டு, ஆழத்தில் ஆரஞ்சு நிற நாடா மட்டும் தெரிந்தது. நடைக்கோலை விட்டுத் துழாவினேன். இன்னும் கீழே போயிற்று.

கால் எலும்பு முறியாததற்கு என் திறமை காரணமில்லை. அந்த ஷூவே அங்கே தங்கிவிட்டது, அவள் காலில் என் கையுறையைச் சுற்றிக் கட்டி முதுகில் தூக்கிக்கொண்டு அந்தக் கற்கள் மேல் இறங்கினேன். அது அதைவிட முட்டாள்தனம், அப்போது தோன்றவில்லை.

நேரக் கணக்கும் அன்று கவிழ்ந்தது. நேய்ஸ்மித் விதி கேள்விப்பட்டிருப்பீர்கள், 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நேய்ஸ்மித் சொன்னது. மணிக்கு 5 கிலோமீட்டர், அதோடு ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். எங்களுக்கு 3 கிலோமீட்டர் தூரம், 400 மீட்டர் ஏற்றம். 36 நிமிடம், அதோடு 40, மொத்தம் 76 நிமிடம் என்று அழகாக எழுதி வைத்திருந்தேன். நாலு மணி நேரம் ஆனது, உச்சியைப் பார்க்கவே இல்லை. நேய்ஸ்மித்தைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் ஐந்து வயதுப் பிள்ளைக்காகவா கணக்குப் போட்டார்? இப்போதெல்லாம் அவர் கணக்கை மூன்றால் பெருக்குகிறேன், இறங்கவும் அதே நேரம் ஒதுக்குகிறேன்.

கல் குவியலே ஆகாது என்று சொல்லவில்லை. கல் பிள்ளையின் முழங்கால் உயரத்துக்குள் இருந்து, ஒன்றையொன்று பூட்டினாற்போல் கிடந்து, இடுக்கில் மண் இறுகியிருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. கல்லின் மேல் லைக்கன் (பாறையில் ஒட்டி வளரும் கற்பாசி) படை படையாகப் பிடித்திருந்தால் அது நீண்ட காலமாகப் புரளவில்லை என்று அர்த்தம். பளிச்சென்று, புதிதாக உடைத்த மாதிரி இருக்கிற கற்கள்தான் சமீபத்தில் வந்து விழுந்தவை.

ஏப்ரல் 12

வரைபடத்தில் எப்படித் தேடுவது என்று கேட்டவருக்கு. சம உயரக் கோடுகள் எவ்வளவு நெருக்கம் என்று ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள், கண்ணால் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். 20 மீட்டருக்கு ஒரு கோடு போட்ட வரைபடத்தில் இரண்டு கோட்டுக்கு நடுவே 1 மில்லிமீட்டர் இருந்தால் சாய்வு கிட்டத்தட்ட 39 பாகை. 2 மில்லிமீட்டர் என்றால் 22 பாகை. நான் தேடுவது இந்த இரண்டுக்கும் நடுவில், 22-க்குப் பக்கமாக.

இன்னொன்று. 20 மீட்டர் இடைவெளி என்றால், 15 மீட்டர் செங்குத்துப் பாறை ஒன்று இரண்டு கோடுகளுக்கு நடுவே தடயமே இல்லாமல் ஒளிந்துகொள்ள முடியும். வரைபடம் பொய் சொல்லாது, ஆனால் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. செயற்கைக்கோள் படத்தில் காலையிலோ மாலையிலோ எடுத்ததைத் தேடுங்கள், பாறையின் நிழல் நீளமாக விழுந்து காட்டிக்கொடுத்துவிடும்.

ஏப்ரல் 13

நேற்று எழுதியதில் தப்பு. ஒருவர் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறார், அவருக்கு நன்றி. நான் சொன்ன அளவு 1:25,000 வரைபடத்துக்கு மட்டும், அதில் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 25 மீட்டர். உங்களிடம் 1:50,000 இருந்தால் அதே 1 மில்லிமீட்டர் 50 மீட்டர், ஆகவே சாய்வு 22 பாகைதான். 39 பாகைக்குக் கோடுகள் அரை மில்லிமீட்டரில் இருக்கும், அதை ஸ்கேல் வைத்து அளக்க என் கண்ணுக்குச் சக்தியில்லை. அளவுவிகிதத்தைச் சொல்லாமல் மில்லிமீட்டரைச் சொன்னது யானையின் எடையைச் சொல்லிவிட்டுக் கிலோவா டன்னா என்று சொல்லாமல் விட்டது மாதிரி.

ஏப்ரல் 20

பாறை வகை. இதில் எனக்கு ஆசை அதிகம், நீளும்.

கிரானைட், நைஸ் (gneiss) மாதிரிக் கரடுமுரடான பாறை காய்ந்திருந்தால் பிள்ளைகளுக்கு அதுதான் சொர்க்கம். ரப்பர் அடிப்பாகம் ஒட்டிக்கொண்ட மாதிரி நிற்கும், உள்ளங்கையை விரித்து வைத்தாலே பிடி. ஸ்காட்லாந்தில் ஸ்கை தீவின் கூலின் மலையில் கேப்ரோ என்று ஒரு பாறை, உப்புத்தாள் போலச் சொரசொரப்பு, விரல் நுனி தேய்ந்துபோகிற அளவுக்குப் பிடிக்கும். ஆனால் அதே மலையில் நடுநடுவே பசால்ட் என்கிற எரிமலைப் பாறை ஓடுகிறது, அது நனைந்தால் சோப்புக்கட்டி. ஒரே மலையில் நாலு எட்டு தள்ளிப் பாறை மாறிவிடும், அதனால் "அந்த மலைப் பாறை நல்ல பிடி" என்று யாராவது சொன்னால் எந்த இடத்தில் என்று கேளுங்கள்.

படிவுப் பாறை (மணலும் சேறும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகியது) என்றால் அடுக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். அடுக்கு மலைக்குள்ளே சாய்ந்திருந்தால் ஒவ்வொரு விளிம்பும் உள்நோக்கிச் சரிந்து படிக்கட்டு மாதிரி இருக்கும், சின்ன விரலுக்கும் தொங்கிக்கொள்ள இடம் கிடைக்கும். வெளியே நம்மை நோக்கிச் சாய்ந்திருந்தால் ஓடு வேய்ந்த கூரை மேல் நடக்கிற கதை. கனடா ராக்கி மலைத்தொடரின் முன்வரிசையில் பல மலைகளுக்குத் தென்மேற்குப் பக்கம் சாய்வாகவும் வடகிழக்குப் பக்கம் செங்குத்தாகவும் இருக்கும், அடுக்குகள் தென்மேற்காகச் சாய்ந்திருப்பதுதான் காரணம். அங்கே ஏறுகிறவர்கள் அந்தச் சாய்வுப் பக்கத்தைத்தான் பிடிக்கிறார்கள். சாய்வு தயவாகத் தெரியும், ஆனால் பலகைப் பாறை மேல் கோலிக்குண்டு கொட்டினாற்போல் சரளை கிடந்தால் அது பிள்ளைகளுக்கு ஆகாது. எனக்கே ஆகாது.

சரளைச் சரிவைப் பற்றி ஒரு வார்த்தை. உதிர்ந்த கல் தானாக நிற்கக்கூடிய சாய்வு ஏறக்குறைய 35 பாகை. அதாவது அந்தச் சரிவு முழுக்க "இப்போ விழவா, அப்புறம் விழவா" என்று யோசித்துக்கொண்டே நிற்கிறது. இறங்கும்போது பெரியவர்களுக்குக் குஷி. ஏறும்போது சின்னக் கால் இரண்டு எட்டு வைத்தால் ஒன்றரை எட்டு பின்னே வரும், அழுகை நிச்சயம்.

ஏப்ரல் 20, கொஞ்ச நேரம் கழித்து

லைக்கனைப் பற்றி 9-ஆம் தேதி பெருமையாக எழுதியிருந்தேனே, கல் அசையாது என்பதற்கு அடையாளம் என்று. அது சரி. ஆனால் மழை பெய்த மறுநாள் அதே லைக்கன் பிடித்த கல்லில் நானே மல்லாக்க விழுந்திருக்கிறேன், பிள்ளைகள் கண்முன்னால். யானைக்கும் அடி சறுக்கும் என்று சமாளித்தேன். "நீ யானையா?" என்று சின்னவள் கேட்டாள். நனைந்திருந்தால் அன்றைக்குப் பாறை இல்லை, பாதையோடு போய்விட்டுத் திரும்பிவிடுகிறோம்.

மே 3

இறங்குவதைப் பற்றி யாருமே கேட்கவில்லை. நானும் கேட்காமல்தான் போனேன்.

பையன் இரண்டரை மீட்டர் உயரமுள்ள ஒரு வெடிப்பில் முதுகையும் காலையும் முட்டுக்கொடுத்து அணில் மாதிரி ஏறிவிட்டான். கைதட்டினோம், படம் எடுத்தோம். மேலே போய்ப் பார்த்தால் அந்தத் திட்டிலிருந்து வேறு எங்கும் போக வழியில்லை. வந்த வழியே இறங்க வேண்டும். வயிற்றைப் பாறையில் அழுத்திக்கொண்டு காலைக் கீழே விட்டான். ஷூ நுனி இடது பக்கம் உரசியது, வலது பக்கம் உரசியது. கால் வைக்க வேண்டிய விளிம்பு அந்த நுனிக்கு இரண்டு விரல்கடை கீழேதான் இருந்தது, அது எனக்குத் தெரிகிறது, அவனுக்குத் தெரியாது. "கொஞ்சம் கீழே விடு" என்கிறேன், அவனுக்கோ கொஞ்சம் கீழே என்றால் கையில் இருப்பதை விட வேண்டும். முழங்கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. நான் ஒரு காலை எங்கேயோ ஊன்றி எம்பி, அவன் குதிகாலை உள்ளங்கையில் வாங்கி அந்த விளிம்பில் வைத்தேன். அது நடக்க நாற்பது நிமிடம் ஆனது, அதில் முப்பத்தைந்து நிமிடம் அவன் மேலே உட்கார்ந்து அழுதது.

ஏறும்போது கண்ணும் கையும் ஒரே பக்கம் பார்க்கின்றன. இறங்கும்போது கால் குருடு. அதனால் இப்போது எங்கள் வழக்கம்: புதிதாக ஒரு படி வந்தால் முதலில் நாலடி ஏறி, இறங்கிக் காட்ட வேண்டும், அப்புறம்தான் மீதி. பாறையைப் பார்த்தபடி இறங்குவது, ஒரு சமயத்தில் ஒரு கையையோ ஒரு காலையோ மட்டும் நகர்த்தி மற்ற மூன்றும் பாறையில் இருப்பது, இதையெல்லாம் சமதரையில் இருக்கிற இடுப்பளவுப் பாறையில் விளையாட்டாகவே பழக்கிவிடலாம்.

மலையைத் தேர்ந்தெடுப்பதில் இதனால் வந்த பெரிய மாற்றம், இனிமேல் ஏறுவது பாறை வழியாக, இறங்குவது பாதை வழியாக. மறுபக்கம் நல்ல நடைபாதை இருக்கிற மலையாகத்தான் பார்க்கிறேன். மேலே போகும்போதும், பாறையை விட்டு விலகிப் புல் வழியாக நடந்து போய்விட இரண்டு மூன்று இடமாவது இருக்க வேண்டும். அகலமான முகடு, பக்கவாட்டில் மெல்லிய சரிவு, உச்சிவரை விலகிக்கொள்ள வாய்ப்பு. படத்தில் பார்த்தால் சப்பையாக இருக்கும் இந்த மலைகள், யாரும் புகைப்படம் போட மாட்டார்கள். அதுவும் நல்லதுதான், கூட்டம் இருக்காது.

மே 4

கயிறு கட்டலாமே என்று மூன்று பேர். மேலே எங்கேயும் கட்டி நிறுத்தாமல் என் இடுப்புக்கும் பிள்ளை இடுப்புக்கும் ஒரு கயிறு போட்டால், அவன் விழும்போது நானும் துணைக்குப் போகிறேன், அவ்வளவுதான். கயிற்றைக் குட்டையாகப் பிடித்து ஆளைக் கூட்டிப்போவது மலை வழிகாட்டிகள் வருடக்கணக்கில் பழகும் வித்தை. எனக்கு அது தெரியாது, ஆகவே கயிறு தேவைப்படும் இடத்துக்கு நான் போவதில்லை. தெரிந்தவர்கள் செய்யுங்கள், ஆனால் சின்னப் பிள்ளைக்கு இடுப்பு வார் மட்டும் போதாது, இடுப்பு ஒடுங்கி, தலைப் பக்கம் கனமாக இருப்பதால் தலைகீழாகக் கவிழ்ந்து நழுவிவிடலாம், உடம்பு முழுக்க வருகிற வார் வேண்டும்.

ஹெல்மெட் கட்டாயம். சைக்கிள் ஹெல்மெட் போதுமா என்றால், இரண்டையும் சோதிக்கிற முறையே வேறு. ஐரோப்பாவில் சைக்கிளுக்கு இஎன் 1078, மலையேற்றத்துக்கு இஎன் 12492. இரண்டாவதில் மேலிருந்து கல் விழுவதை மனதில் வைத்துச் சோதிக்கிறார்கள்.

மே 11

பெரியவர் எங்கே நிற்பது? பிள்ளைக்கு நேர் கீழே, ஒரு கை எட்டும் தூரத்தில். அப்படித்தான் எழுதியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

மே 12

இல்லை, எழுதவே இல்லை, இப்போதுதான் மேலே போய்ப் படித்தேன். எப்படியிருந்தாலும் அதையும் திருத்த வேண்டும். ஒரு பிள்ளைக்கு அது சரி. இரண்டு பிள்ளை, ஒரே பெரியவர் என்றால் நான் சின்னவளுக்குக் கீழே நிற்கும்போது பெரியவன் எனக்கு மேலே கல்லை உருட்டிக்கொண்டிருப்பான். ஒடுங்கிய ஓடைப் பள்ளத்தில் அது இன்னும் மோசம், உருண்ட கல்லுக்கு வேறு வழியே இல்லை, எல்லாமே நடுவில்தான் வரும். ஒன்று, எல்லோரும் ஒட்டி ஒட்டிப் போக வேண்டும், கல் வேகம் பிடிப்பதற்குள் கையில் சிக்கிவிடும். இல்லாவிட்டால் ஒவ்வொருவராக, மற்றவர்கள் ஓரமாகப் பாறை மறைவில். நாங்கள் பள்ளங்களையே விட்டுவிட்டோம். இப்போது இரண்டு பேருக்கு இரண்டு பெரியவர், ஆள் கிடைக்கவில்லை என்றால் அன்றைக்குப் பாதை நடை.

கல்லைத் தட்டிப் பார்க்கக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். முஷ்டியால் தட்டினால் இறுகிய பாறை சத்தமே தராது, கை மட்டும் வலிக்கும். கழன்றது 'டொக்' என்று வெற்றுப் பானை மாதிரிச் சொல்லும். பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடித்துப்போய் வீட்டுக் கதவு, கட்டில், என் தலை எல்லாவற்றையும் தட்டிப் பார்க்கிறார்கள். முடிவை வெளியிட விரும்பவில்லை.

ஜூன் 1

இழை திசைமாறினாலும் பரவாயில்லை, இதைச் சொல்ல வேண்டும். போன வாரம் இறங்கும்போது பை ஏன் இப்படிக் கனக்கிறது என்று திறந்து பார்த்தால் அடியில் கல். மினுக்குகிற கல், கோடு போட்ட கல், "இது மீன் மாதிரி இருக்குப்பா" கல். மூன்று கிலோ இருக்கும். தண்ணீரை வைத்துக் கணக்குப் பண்ணித் தூக்கிய எடையெல்லாம் வீண். மலையைக் கெல்லி எலியைப் பிடிப்பார்கள் என்பார்கள், நாங்கள் மலையையே தவணை முறையில் வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். பாதுகாக்கப்பட்ட இடங்களில் பல நேரம் இது விதிக்கு விரோதம் என்று சொல்லி, இப்போது ஒரு கல்லை எடுத்துப் பார்த்து, பெயர் வைத்து, அதே இடத்தில் வைத்துவிட்டு வரவேண்டும் என்று உடன்படிக்கை. பெயர் வைப்பதில் அரை மணி நேரம் போகிறது. நேய்ஸ்மித்தை நான்கால் பெருக்க வேண்டியிருக்கும்.

பாதையை விட்டு நடப்பது எல்லா இடத்திலும் அனுமதி கிடையாது, முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். அனுமதி இருந்தாலும் காலைப் பாறையிலும் சரளையிலும் வையுங்கள், உயரத்தில் இருக்கிற மெத்தைச் செடிகள் ஒரு மிதியில் போனால் திரும்பி வரப் பல வருடம் ஆகும்.

ஜூன் 15

இடி. மின்னல் தெரிந்து முப்பது விநாடிக்குள் சத்தம் கேட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, முகட்டை விட்டு இறங்கு. கடைசி இடிச் சத்தத்துக்கு அப்புறம் முப்பது நிமிடம் காத்திரு. இந்தக் கணக்கு சட்டென்று இறங்கிவிட முடிகிறவருக்குச் சரி. நமக்கு இரண்டாவது பாதிதான் பொருந்துகிறது, ஏனென்றால் முப்பது விநாடியில் கேட்ட பிறகு ஐந்து வயதுப் பிள்ளையோடு பாறையில் இறங்கி முடிக்க நேரமே இருக்காது. மேகம் காலிஃபிளவர் மாதிரி மேலே எழும்ப ஆரம்பித்தாலே நாங்கள் திரும்பிவிடுவோம். கோடை மலைகளில் இடிமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான், அதனால் திரும்ப வேண்டிய நேரத்தைக் காலையிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறோம். பையன் கையில் கடிகாரம், அவன்தான் அறிவிப்பான். தானே அறிவிக்கும்போது அடம் பிடிப்பதில்லை, அது ஒரு தந்திரம்.

குளிரும் அப்படித்தான். உயரம் 1,000 மீட்டர் கூடினால் சுமார் ஆறரை டிகிரி குறையும், சின்ன உடம்பு எடைக்கு மேற்பரப்பு அதிகம் என்பதால் நம்மைவிட வேகமாகக் குளிர்ந்துவிடும். நமக்கு ஏறி ஏறி வேர்க்கும். பிள்ளையோ முறை வரும்வரை பாறைக்குக் கீழே நின்றுகொண்டிருக்கும். உதடு நீலமாகும்வரை சொல்லவும் மாட்டார்கள்.

ஜூன் 16

உயரத்தைச் சொன்னதும் ஒருவர் 3,500 மீட்டர் மலை ஒன்றைக் காட்டி, ஏறச் சுலபம்தானே என்கிறார். 2,500 மீட்டருக்கு மேல் மலைநோய் வரலாம், சின்னப் பிள்ளைக்கு "தலை வலிக்கிறது, குமட்டுகிறது" என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. சிணுங்கும், சாப்பிடாது, விளையாடாது. அது களைப்பா மலைநோயா என்று பாறை நடுவில் நின்று யோசிக்கிற நிலைமை எனக்கு வேண்டாம். தாழ்வான மலையாக எடுங்கள்.

ஆகஸ்ட் 10

ஏப்ரல் 6 அன்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். இரண்டடி கீழே திட்டில் நின்றுவிடும் என்றால் ஏறட்டும் என்று எவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறேன்! திட்டு எப்படிப்பட்டது என்று கேட்கவே இல்லை. வெளிப்பக்கம் சரிந்த திட்டில் விழுந்தால் நிற்காது, உருண்டு அடுத்த திட்டுக்குப் போகும். கூர்மையான கல் நிறைந்த திட்டு என்றால் அடிபட இரண்டடியே போதும். இப்போது புதிய இடத்தில் ஒரு சின்னக் கல்லை (யாரும் கீழே இல்லை என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு) மெதுவாக உருட்டிவிட்டு எங்கே நிற்கிறது என்று பார்க்கிறேன். நின்றுவிட்டால் பாதி நிம்மதி. பிள்ளை கல்லைவிட மெத்து, ஆனால் கல்லைவிட நீளமாக உருளும் என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம், நான் இங்கே எழுதாமல் மறைத்த ஒன்று. பையன் வெடிப்பில் மாட்டிக்கொண்ட அன்று, அவன் பாதியிலேயே "போதும்ப்பா" என்று சொன்னான். இன்னும் நாற்பது மீட்டர்தான் உச்சி என்று நான்தான் தள்ளினேன். மே 3-ஆம் தேதிக் குறிப்பில் அவனாகவே அணில் மாதிரி ஏறினான் என்று எழுதியிருக்கிறேன். ஏறியது அவன்தான், ஆனால் ஏற வைத்தது யார் என்பதை விட்டுவிட்டேன். மனைவி படித்துவிட்டு, "அணிலா?" என்று மட்டும் கேட்டாள்.

உச்சி எனக்கு வேண்டியிருந்தது. அவர்களுக்கு அந்த வெடிப்புக்குக் கீழே இருந்த, தண்ணீர் தேங்கிய ஒரு சின்னப் பாறைக் குழியே போதுமாக இருந்தது, அதில் நீர்ப்பூச்சி இருந்தது. இப்போது மலையைத் தேர்ந்தெடுக்கும்போது உச்சிக்கு முன்னால் விட்டுவிட்டு வந்தாலும் ஒன்றும் குறையாத இடமாகத்தான் பார்க்கிறேன்: நடுவழியில் பெரிய பாறை, குழி, ஓடை, ஏதாவது ஒன்று.

செப்டம்பர் 21

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். போன வாரம் ஓர் அகலமான முகட்டுக்குக் கூட்டிப்போனாராம், 180 மீட்டர் ஏற்றம், மறுபக்கம் பாதை, மூன்று மணி நேரம். பெண் பாதி நேரம் பின்பக்கத்தால் சறுக்கியே இறங்கினாளாம், கால்சட்டை கிழிந்துவிட்டது. இதற்கு என்ன செய்வது என்று கேட்கிறார். கால்சட்டையின் பின்புறம் இரண்டாவது துணி வைத்துத் தைத்துவிடுங்கள், ஆனால் அதோடு சறுக்கினால் வேகம் கூடிவிடும், கையையும் குதிகாலையும் ஊன்றி உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கச் சொல்லுங்கள்.

ஷூ என்ன ஆயிற்று என்று நாலு பேர் விசாரித்திருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கல் குவியலின் ஓரம் வரைக்கும் போனோம், மேலே ஏறவில்லை, நான் மட்டும் பத்துப் பதினைந்து கல் தாண்டிப் போய்த் தேடினேன். இருக்கிறது. நாடா வெளுத்துவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே ஏதோ காய்ந்த புல்லையெல்லாம் இழுத்துப் போட்டுக் கூடு கட்டியிருக்கிறது. திரும்பி வந்து சொன்னேன். "எலியா?" என்றாள் சின்னவள், ஆமாம் போல என்றேன். அவள் இப்போது இரண்டு அளவு பெரிய ஷூ போடுகிறாள், எலிக்கு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.